கூலாய் லேலத்தில் வாங்கிய இரண்டு ரோல் பெட்டிகள்

படம் எடுக்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு பொருளைத் துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய கேமராவின் பின்புறம் மாட்டுகிற ரோல் பிலிம் பெட்டி. யாரோ பயன்படுத்திய பழசு. சிங்கப்பூரில் ஒரு கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்தாராம்.

"வாங்கலாமா சார்?" என்று கேட்டார்.

"இதுல படம் எடுத்துப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாக்க நல்லாத்தான் சார் இருக்கு."

நான் கேட்டது அதுவல்ல. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே பதிலை நான் முப்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதன்மேல் நம்பிக்கை வைத்து, இருபத்து நாலு குடும்பங்களை வெயிலில் நிற்க வைத்தேன். அந்தத் தம்பியிடம் அன்று பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கித்தா விலை விழுந்துபோன காலம் அது. ரப்பரைத்தான் தோட்டத்து மக்கள் கித்தா என்பார்கள். எனக்கு ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு திரை, பின்னால் இருட்டறை. ஊரில் படம் எடுத்துக்கொள்ள ஆள் குறைந்துபோனதால், தோட்டங்களுக்குப் போய் எடுத்தேன். மரக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி, இவற்றோடு கண்ணாடித் தகடுகள். அந்தத் தகடுகளின் கனம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மரச்சட்டத்துக்குள்ளும் இரண்டு தகடு. பன்னிரண்டு சட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு செம்மண் சடக்கில் மூன்று மைல் நடந்தால் தோள்பட்டை இறங்கிவிடும். வழியில் ஒரு தரம் தடுக்கினால் இரண்டு கல்யாணம் உடையும்.

அந்தச் சமயத்தில்தான் கூலாய்க்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்ன துரை சீமைக்குத் திரும்புகிறார், அவர் சாமான்களை லேலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஏலத்தை இங்கே லேலம் என்போம். ஆபீசுக்கு முன்னால் நாற்காலி, கட்டில், மீன்பிடி தூண்டில், கிராமபோன் எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். லேலத்தை நடத்தியவர் தோட்டத்துக் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்குப்பிள்ளை வேலையில் நரைத்தவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் கேமராப் பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இந்தாரும், இதுவும் துரையின்ட சாமான்தான். உம்மட தொழிலுக்குத்தான் பயன்படும்."

உள்ளே இரண்டு ரோல் பெட்டிகள். தோல் உறை போட்டு, பித்தளைச் சாவி வைத்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. என் கேமராவின் பின்புறத்துக்குச் சரியாகப் பொருந்தின. கூடவே பிரிக்காத பிலிம் சுருள் ஐந்து. ஒரு சுருளில் ஆறு படம். தகடு இல்லை, கனம் இல்லை. நிழலில் நின்றபடியே சுருளை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அன்று அது கடவுள் கொடுத்த மாதிரி இருந்தது.

வாங்குமுன் இரண்டையும் திறந்து பார்த்தேன். பிலிமை மறைக்கிற மெல்லிய தகடு ஒன்று பெட்டியின் ஓரத்துப் பிளவு வழியாகப் போய் வரும். படம் எடுக்கும்போது அதை உருவ வேண்டும். உருவும்போது வெளிச்சம் உள்ளே போகாதபடி அந்தப் பிளவின் உதட்டில் வெல்வெட் துணி ஒட்டியிருப்பார்கள். முதல் பெட்டியில் அது பூனைக்குட்டியின் முதுகு மாதிரி இருந்தது. இரண்டாவதில் விரலை வைத்தபோது ஓர் இடத்தில் சொரசொரவென்று தட்டியது. காய்ந்திருந்தது. நம்மூர் ஈரத்தில் பசை விட்டதோ, பூச்சி அரித்ததோ.

"இது ஒரு மாதிரி இருக்கே" என்றேன்.

"துரை ரெண்டையும் ஒரே மாதிரித்தான் வைச்சிருந்தவர்" என்றார் கிராணி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாங்கிவிட்டேன். ஸ்டூடியோவில் ஒரு சுருளை முதல் பெட்டியில் போட்டுச் சோதித்தேன். ஆறு படமும் பளிச்சென்று வந்தன. இரண்டாவது பெட்டியைச் சோதிக்கவில்லை. அந்தப் பிலிம் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவில்லை, சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும். இருந்தது இன்னும் நாலு சுருள். ஒன்றை வீணடிப்பானேன் என்று நினைத்தேன். ஒன்று நல்லதென்றால் அதன் ஜோடியும் நல்லதாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நம் தொழிலில் பழைய பொருள் எதுவும் ஜோடியாகக் கெடுவதில்லை. தனித்தனியாகத்தான் கெடும்.

அதோடு நிறுத்தவில்லை. இனிமேல் தகடு எதற்கு என்று, மூன்று மரச்சட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூவாரில் ஒரு ஸ்டூடியோக்காரருக்குத் தள்ளிவிட்டேன்.

கிராணி லேலத்தன்றே இன்னொரு விஷயம் சொல்லியிருந்தார். தோட்டத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள். வயசானவர்கள், நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரையும் அடுத்த வாரம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். திடமான பால் வெட்டுக்காரர்கள் மட்டும் அரைச் சம்பளத்தில் இருப்பார்கள்.

"குடும்பம் குடும்பமாப் பிரியப் போகுது. சனம் படம் எடுக்க வேணுமெண்டு கேக்குது. ஞாயிற்றுக்கிழமை வாறீரோ?"

"வர்றேன்" என்றேன். இரண்டு ரோல் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஞாயிறு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஒரு வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். வரிசையாக வந்தார்கள். யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று கேட்காமலேயே தெரிந்தது. போகிறவர்கள் கேமராவைப் பார்த்தார்கள். இருக்கிறவர்கள் போகிறவர்களைப் பார்த்தார்கள். "இங்க பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

முதல் பெட்டியில் ஒரு சுருள், இரண்டாவதில் ஒரு சுருள் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசிச் சுருளுக்கு வரும்போது மர நிழல் விலகி வெயில் நேராக அடித்தது. அப்போது வந்து நின்றவர்கள்தான் மாரிமுத்துவும் பவளமும்.

மாரிமுத்து என்னைவிட நாலைந்து வயது இளையவன். நல்ல வெட்டுக்காரன் என்பதால் அவனை நிறுத்திக்கொண்டார்கள். பவளம் புல் வெட்டுகிறவள். அவளுக்கு வேலை இல்லை. அவள் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. அவரைத் தனியாக அனுப்ப முடியாது. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. எனவே அவள் போகிறாள், அவன் இருக்கிறான்.

குழந்தை கேமராவைக் கண்டு அழுதது. பவளம் அதன் காதில் என்னவோ சொன்னாள். நின்றுவிட்டது.

"என்னம்மா சொன்னீங்க?" என்றேன்.

"அந்தப் பொட்டிக்குள்ள அப்பா இருக்காருன்னு சொன்னேன். இனிமே அங்கதான பாக்கணும்?" என்று சிரித்தாள்.

மாரிமுத்து சிரிக்கவில்லை. "சும்மா இரு. வெல ஏறுனதும் கூப்புட்டுக்கிறேன்" என்றான். பிறகு என்னிடம், "ரெண்டு கழுவிக் குடுங்கண்ணே. ஒண்ணு அவளுக்குத் தபால்ல அனுப்பணும், ஒண்ணு எனக்கு" என்றான். நான் மறைப்புத் தகட்டை உருவினேன். வெயில் பெட்டியின் விளிம்பில் விழுந்தது. எடுத்து முடித்தேன்.

மறுநாள் விடிகாலையில் போகிறவர்கள் எல்லாரும் ரயிலேறி என் ஊர் வழியாகவே சிங்கப்பூருக்குப் போனார்கள். அதே திங்கட்கிழமை காலையில் நான் நாலு சுருளையும் கழுவினேன்.

முதல் பெட்டியில் எடுத்த பன்னிரண்டும் கச்சிதம். இரண்டாவது பெட்டியில் எடுத்ததில், வெல்வெட் காய்ந்த இடத்தில் வெளிச்சம் நுழைந்து, ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு ஆப்பு மாதிரிப் பாய்ந்து படத்தின் குறுக்கே கிடந்தது. நெகட்டிவில் கறுப்பு என்றால் தாளில் வெறும் வெள்ளை. பன்னிரண்டிலும் அதே ஆப்பு. சிலதில் முகம் இல்லை, சிலதில் ஆளே இல்லை. பவளத்துக்குத் தோளுக்கு மேல் ஒன்றும் இல்லை. குழந்தையின் கால் மட்டும் அவள் இடுப்பில் தெரிந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காலை பத்து மணி. கப்பல் மறுநாள் மத்தியானம்தான் கிளம்புகிறது. போகிறவர்கள் சிங்கப்பூர்த் துறைமுகக் கொட்டகையில் இருக்கிறார்கள். இருக்கிறவர்கள் கூலாயில் இருக்கிறார்கள். நான் நடுவில் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். தபாலாபீசிலிருந்து தோட்ட ஆபீசுக்கு டெலிபோனில் பேசலாம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிலிமைக் காயப்போட்டுவிட்டு, காய்ந்தால் கொஞ்சம் தெளியுமோ என்று பார்த்தேன். தெளியாது என்று எனக்குத் தெரியும். பிறகு இன்னும் ரோல் பிலிம் கிடைக்குமா என்று இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஸ்டூடியோவின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். டெலிபோன் செய்தால் கிராணி என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "சோதிச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அந்தப் பகல் முழுவதையும் விட்டேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். நானே துறைமுகத்துக்குப் போய்ப் போகிறவர்களையாவது மறுபடி எடுத்துவிடலாம். ஜோடியாக நின்ற படம் இல்லாவிட்டாலும் முகமாவது மிஞ்சும். கையில் மூன்று மரச்சட்டம், அதாவது ஆறு தகடு. கெட்டுப்போனது பன்னிரண்டு குடும்பம்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் பிடித்துக் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போனேன். போகிற வழியில் படக்கடையில் ரோல் பிலிம் கேட்டேன். இல்லை, சொல்லிவைத்தால் அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். துறைமுக வாசலில் ஒரு குமாஸ்தாவைக் கெஞ்சி உள்ளே போனபோது மணி பதினொன்று. ஏற்கெனவே டாக்டர் பார்த்து முடித்து, மூட்டைகளோடு வரிசை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மணி அடிச்சா எல்லாரும் ஏறிடணும். அதுக்குள்ள முடிச்சுக்குங்க" என்றார் குமாஸ்தா.

என்னைப் பார்த்ததும் தோட்டத்து ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். வழியனுப்ப வந்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"போட்டோக்காரண்ணன் வந்திருக்காரு பாருங்க!"

"இன்னொரு படம் எடுத்து வெச்சுக்கலாம்னு வந்தேன்" என்றேன். படம் கெட்டுப்போனது என்று அங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததால், மறுபடி எடுப்பது யாருக்கு அவசியம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நன்றாக வந்த குடும்பங்களும் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களை நகர்த்தவே நேரம் போயிற்று.

பன்னிரண்டில் ஆறு. யாரை எடுப்பது, யாரை விடுவது? முக்காலியை விரிக்கும்போதே கணக்குப் போட்டேன். வயசானவர்களை எடுத்துவிடலாம். அவர்கள்தான் திரும்பி வரமாட்டார்கள். சின்னவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு அப்போது நியாயமாகத்தான் பட்டது.

நாலு தகடு முடிந்தது. பவளம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா ஒரு கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கம்மா, உங்களையும் எடுத்துடறேன்" என்றேன்.

"எங்களுக்கு என்னண்ணே அவசரம்? இப்பத்தான் தூங்குனா, எழுப்புனா ஊரக் கூட்டிடுவா. அந்தக் கெழவிய எடுங்க, அவங்க மகன் ரொம்ப அழுதுச்சு. நாங்கதான் திரும்பி வருவோமே."

அவள் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை. ஐந்தாவது தகட்டில் அந்தக் கிழவியை எடுத்தேன். ஆறாவதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பவளம் எழுந்து, ஒரு கையால் குழந்தையையும் ஒரு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைக்க ஆள் தேடினாள். நான்தான் தூக்கி வைத்தேன். "அவருகிட்ட நல்லாத்தான் போனோம்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தேன். கடற்பாலத்தின் மேல் வந்துகொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றியது. ஒரு தகட்டில் இரண்டு குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கலாம். தாளில் போடும்போது பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். ஆறு தகடு பன்னிரண்டு குடும்பத்துக்குப் போதும். கல்யாண வீட்டில் தகடு குறைந்தால் எத்தனையோ தடவை நான் செய்த வேலை அது. அன்று ஏன் தோன்றவில்லை?

அதற்கு எனக்கு இப்போது பதில் தெரியும். தவறை மறைத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்குப் பாதி புத்தி மறைப்பதிலேயே போய்விடும். மீதிப் புத்திதான் வேலைக்குக் கிடைக்கும். நெருக்கடி யாருக்கும் வரும். ஆனால் வெட்கமும் நெருக்கடியும் சேர்ந்து வந்தால், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதுகூடக் கண்ணில் படாது.

வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போன பன்னிரண்டு நெகட்டிவையும் அடுப்பில் போட்டேன். அந்தக் காலத்துப் பிலிம் நெருப்பைக் கண்டதும் பஞ்சு மாதிரிப் பற்றும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய்ப் படங்களைக் கொடுத்தேன். பன்னிரண்டு பேருக்குப் போன ஞாயிறு எடுத்த படம். ஆறு பேருக்குத் துறைமுகத்தில் எடுத்தது. மீதி ஆறு பேருக்கு, "சூட்டுல பிலிம் உருகிப்போச்சு" என்று சொன்னேன். கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார்.

மாரிமுத்து மட்டும் என்னைத் தேற்றினான். "விடுங்கண்ணே. அவதான் வந்துருவாளே. வந்ததும் உங்க ஸ்டூடியோவுக்கே கூட்டியாறேன். தெர வெச்சு, நாக்காலி போட்டு எடுத்துக்கலாம்."

அவள் சொல்லச் சொன்னதை அவனிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால் நான் துறைமுகத்தில் அவளைப் பார்த்தேன், பார்த்தும் எடுக்கவில்லை என்று தெரிந்துவிடும். கிழவியின் மகன் தன் படத்தைக் காட்டியபோது மாரிமுத்து அதைக் கையில் வாங்கி, பின்னால் மங்கலாகத் தெரிந்த மூட்டைகளையும் ஆட்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைத் தேடியிருப்பான். அவள் சட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

மழைக்காலம் போய், மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்த்த பிறகு ஒரு நாள் பகல் பொழுதில் மாரிமுத்து ஸ்டூடியோவுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். ஊரிலிருந்து பவளத்தின் சித்தப்பா எழுதியது. கிராணி ஏற்கெனவே படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் என்னிடம் நீட்டினான். காய்ச்சல் கண்டு பவளம் போய்விட்டாள். குழந்தை அவள் சின்னம்மா வீட்டில் இருக்கிறது. பார்வை இல்லாத அப்பா இருக்கிறார். துறைமுகத்தில் நான் முந்திக்கொண்டு எடுத்த அந்தக் கிழவியும் பக்கத்து ஊரில் சுகமாக இருப்பதாக அதே கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

"உக்காரு மாரிமுத்து" என்றேன். உட்காரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு எடுத்தீங்கள்ல, அந்தக் கெட்டுப்போன படம். கெட்டுப்போனதா இருந்தாலும் பரவாயில்ல. அதக் குடுங்க. கண்ணு மூக்கு தெரியாட்டியும், அவ நின்னது இருக்கும்ல?"

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "இல்ல. எரிச்சுட்டேன்."

"எரிச்சுட்டீங்களா? எதுக்கு?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெல்வெட்டில் விரல் தட்டியது, இரண்டாவது பெட்டியைச் சோதிக்காதது, திங்கட்கிழமை காலையில் பார்த்தது, துறைமுகத்துக்குப் போனது, அவள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது, அவள் சொல்லச் சொன்னது. எதையும் விடவில்லை. முடித்ததும் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திங்கக்கெழமையே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அவ செவ்வாக்கெழமை மத்தியானம் வரைக்கும் சிங்கப்பூர்லதான் இருந்தா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"செவ்வாக்கெழமை எங்க பக்கம் விடியறதுக்கு முன்னயே மழை. மரம் ஈரம், வெட்டு இல்லன்னு காலைல பேர் கூப்புடற பெரட்டுலேருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்குப் பூரா லயத்துல சும்மாத்தான் உக்காந்திருந்தேன்." கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான். "சொல்லியிருந்தா உங்ககூட நானும் வந்திருப்பேன்லண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

தம்பிகளே, படம் கெட்டுப்போனதற்காக நான் என்னை மன்னித்திருப்பேன். இந்தத் தொழிலில் படம் கெடாத ஆள் இல்லை. ஆனால் நான் ஒரு டெலிபோன் செய்திருந்தால், அந்த மனிதன் தன் மனைவியோடு இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பான். நான் எடுக்கிற படம் இருந்ததோ இல்லையோ, அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு இருந்திருக்கும். அதை நான் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எனக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காக.

பழைய ரோல் பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்வெட்டை விரலால் தடவுங்கள். கண்ணை நம்பாதீர்கள். அதற்கான பிலிம் நாளைக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு வாங்கினால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஸ்டூடியோ நிழலில் அல்ல, உச்சி வெயிலில். புதுசு வந்ததும் பழசை விற்றுவிடாதீர்கள். கெட்டுப்போன நெகட்டிவை எரிக்காதீர்கள். அது உங்களுடையது மட்டும் அல்ல. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். கெட்டுப்போனது தெரிந்த அதே மணி நேரத்தில், உரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

மாரிமுத்துவை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்தேன். கித்தா விலை கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, இரண்டு வருடம் கழித்து இருக்கும். ஒரு காலை நேரம் புது வேட்டியும் கோட்டுமாக ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜொகூர் பாருவில் வேறு ஸ்டூடியோக்களும் இருந்தன. ஏன் என்னிடம் வந்தான் என்று நான் கேட்கவில்லை.

"ஊருக்குப் போறேண்ணே. புள்ளயக் கூட்டியாறலாம்னு. கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, நாளைக்குச் சிங்கப்பூருக்கு ரயிலேறி சொந்தக்காரங்க வீட்ல தங்கப் போறேன். அவளுக்கு என்னத் தெரியாது. திடீர்னு போயி நின்னா பயந்துக்குவா. முன்னாடி போற தபால்ல ஒரு படம் அனுப்பிட்டா, இதுதான் அப்பான்னு காட்டி வெச்சிருப்பாங்க."

நாற்காலியில் உட்கார வைத்தேன். கோட்டுப் பொத்தானைத் தானே சரி செய்துகொண்டான். நான் கேமராவில் தகட்டை மாட்டும்போது கேட்டான்.

"அண்ணே, ரெண்டா எடுத்துருங்க."

"மூணு எடுக்கறேன்."

"கெட்டுப்போச்சுன்னா இன்னிக்கே சொல்லிருங்க. நாளைக்குத்தான் ரயிலு."

குத்திக் காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. தையல்காரரிடம் அளவு சொல்கிற மாதிரித்தான் சொன்னான். மூன்று தகடு எடுத்தேன். "இரு, போயிடாதே" என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய் அப்போதே கழுவினேன். மூன்றும் நன்றாக வந்திருந்தன. காயும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. சொட்டச் சொட்ட ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிகிற தன் முகத்தை அவன் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். என் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி முழங்கையில் சொட்டியது.

"இது நாந்தானாண்ணே?"

"நீதான்."

"புள்ளைக்குத் தெரியுமா?"

"தாள்ல போட்டா நல்லாத் தெரியும்" என்றேன். "மத்தியானத்துக்குள்ள போட்டுத் தர்றேன். இங்கேயே உக்காந்திரு."

அவன் உட்கார்ந்தான்.